பிலிம் ரோலுக்கு ஈயப் பை வாங்கினேன், அதுக்கு ஜிப்லாக் கவரே தேவலாம்

சிங்கப்பூர் டிரிப்புக்காக ஆன்லைன்ல இந்தப் பிலிம் பை வாங்கினேன், உள்ள ஈய லைனிங் வச்சது, ஏர்போர்ட் எக்ஸ்ரே பட்டு கேமரா பிலிம் கெட்டுப் போகாம காப்பாத்தும்னு போட்டிருந்தான், 35 எம்எம் ரோல் ஒரு பத்து பன்னெண்டு பிடிக்குது. தையல், வெல்க்ரோ எதையும் குறை சொல்ல முடியாது. வெயிட்டுதான்... காலிப் பையே எடைக்கல்லு மாதிரி இருக்கு, கேபின் பேக்ல குடுக்குற 7 கிலோல இதுவும் பங்குக்கு வந்து நிக்குது.

சரி, எக்ஸ்ரேவ தடுக்குதான்னா, ஓரளவு தடுக்குது, வம்பே அதுலதான். ஸ்கிரீன் முன்னாடி உக்காந்திருக்கவருக்கு உள்ள என்ன இருக்குன்னே தெரியாது, கருப்பா ஒரு கட்டிதான் தெரியும். ஒரு ஏர்போர்ட்ல (பேர் வேணாம்) பெல்ட்ட நிறுத்தி, பையப் பிரிச்சு, ரோலெல்லாம் டிரேல கொட்டி மறுபடி மெஷினுக்குள்ள தள்ளிட்டாங்க. சும்மா கொண்டு போயிருந்தா ஒரு தடவையோட போயிருக்கும். அதுவும் இந்த எக்ஸ்ரே பாதிப்பு பிலிம்ல சேந்துகிட்டே போறது, ஒவ்வொரு ஏர்போர்ட்லயும் கொஞ்சம் கொஞ்சமா ஏறும்.

நல்லவேளை அது பழைய டைப் மெஷின், என்கிட்ட இருந்ததும் 200, 400 ஐஎஸ்ஓ (பிலிமோட வெளிச்ச உணர்வு, நம்பர் ஏற ஏற சீக்கிரம் கெடும்), கழுவிப் பாத்தப்ப ஒண்ணும் தெரியல. 3200 ரோல் இருந்திருந்தா வயித்துல புளியக் கரைச்சிருக்கும்.

இப்ப வர்ற சிடி ஸ்கேனர் கதையே வேற. லேப்டாப்ப வெளிய எடுக்க வேணாம்னு சொன்னா அனேகமா அதுதான், சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட் டெர்மினல் 4ல 2017ல திறந்தப்பவே அத வச்சிட்டாங்க. பேக்க சுத்திச் சுத்தி படம் எடுக்குற மெஷின், ஒரே தடவைல 400 ஐஎஸ்ஓ ரோல்கூட காலியாகலாம், கருப்பா இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பலா வெளுத்து புள்ளி புள்ளியா கிரெயின் ஏறிடும். பிலிம் விக்குற கோடாக், இல்ஃபோர்ட் ரெண்டு கம்பெனியுமே சிடில பிலிம விடாதீங்கன்னு சொல்லிட்டாங்க, இந்த ஈயத்த நம்பி நான் விடமாட்டேன். செக்-இன் லக்கேஜ்ல போடுறத நினைச்சே பாக்காதீங்க, அங்க இருக்குற மெஷின் இன்னும் பவரு.

எனக்கு உருப்படியா வேலை செஞ்சது ஜிப்லாக் கவர்தான். அட்டைப் பெட்டியெல்லாம் வீட்லயே தூக்கிப் போட்டுட்டு, டப்பா மூடியெல்லாம் கழட்டி ரோல மட்டும் கவர்ல போட்டு, பேக்க டிரேல வைக்குறதுக்கு முன்னாடியே கையில நீட்டி "சார், பிலிம், ஹேண்ட் செக் ப்ளீஸ்"னு கேட்டா முக்கால்வாசி பேரு வெடிமருந்து இருக்கான்னு துணில துடைச்சுப் பாத்துட்டு குடுத்துடுறாங்க. அமெரிக்கால டிஎஸ்ஏ (ஏர்போர்ட் செக்யூரிட்டி)காரங்ககிட்ட கேட்டா கையால பாக்கணும்னே ரூல் இருக்கு, மத்த ஊர்ல எல்லாம் அங்க நிக்குறவர் மூடு. வரிசை நீளமா இருந்தா கடுப்பாவாங்க, அரை மணி நேரம் முன்னாடியே போயிடுங்க. கேமராக்குள்ள பாதி ரோல் இருந்தா ஏர்போர்ட் வாசல்லயே மீதிப் படத்தையும் எடுத்து முடிச்சிடுங்க, உள்ள போனப்புறம் கேமராவ தெறந்து காட்டச் சொன்னா வெளிச்சம் பட்டு போன படம் அழுதாலும் வராது.

5க்கு 2 ஸ்டார், அதுவும் தையலுக்கு. இப்ப பை எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல தயிருக்குப் பக்கத்துல பிலிமோட உக்காந்திருக்கு, அம்மா தெனம் ஒருதடவ அது என்னன்னு கேக்குறாங்க.