எண்ணும் எழுத்தும்: எங்கள் ஊர்ப் பள்ளியில் மூன்று வருடம் பார்த்ததைச் சொல்கிறேன்

சேர்க்கை நேரம் வந்துவிட்டால் எங்கள் தெருவில் ஒரே பேச்சுதான், பிள்ளையை வேனில் தனியார் பள்ளிக்கு அனுப்பலாமா, ஊர்ப் பள்ளியிலேயே போட்டுவிடலாமா என்று. என்னிடமும் நிறையப் பேர் கேட்கிறார்கள், அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். நாங்கள் பள்ளிப்பட்டு பக்கம், நகரி போகிற வழியில் ஒரு கிராமம். வீட்டில் இரண்டு பவர்லூம், வீட்டுக்காரர் ஓட்டுகிறார், நான் தறிக்கு நூலைத் தார்க்கட்டையில் சுற்றுகிறேன். பெரியவன் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு தனியார் பள்ளியில் படித்தான், வருடத்துக்கு 26,000 கட்டினோம். சின்னவளுக்கும் கட்ட முடியவில்லை, அதனால்தான் 2022 ஜூனில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்த்தோம். அதே மாதம் 13ஆம் தேதிதான் எண்ணும் எழுத்தும் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார், அதுவும் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில். ஆக ஒன்று, இரண்டு, மூன்று என முழுசாக அதிலேயே படித்து வந்த பிள்ளை என் மகள். 2025 ஜூனில் நான்காம் வகுப்புக்கு வந்தாள்.

கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது, அதற்குள் பிள்ளைகள் எழுத்தையே மறந்துவிட்டார்கள். அதைச் சரிக்கட்டத்தான் இந்தத் திட்டம். 2025க்குள் எட்டு வயதுப் பிள்ளைகள் எல்லோரும் புரிந்து படிக்கணும், அடிப்படைக் கணக்கு போடணும் என்பது இலக்கு. முதலில் மூன்றாம் வகுப்பு வரை இருந்தது, அடுத்த வருடமே நான்கு, ஐந்துக்கும் வந்தது. இதில் எனக்கு முதலில் பிடிபடாத விஷயம், பிள்ளைகளை வகுப்பைப் பார்த்து உட்கார வைக்காமல் நிலையைப் பார்த்து உட்கார வைத்ததுதான். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. எழுத்தே இன்னும் பிடிபடாத பிள்ளை அரும்பு, சொல்லும் சின்ன வாக்கியமும் வருகிற பிள்ளை மொட்டு, அதற்கு மேல் மலர். மூன்றாம் வகுப்புப் பையன் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையோடு உட்கார்ந்து அட்டை அடுக்குவதைப் பார்த்துச் சில அம்மாக்கள் சண்டைக்கே வந்தார்கள். எனக்கும் மனசு ஒப்பவில்லை. ஆனால் என் பெரியவனை நினைத்துப் பார்த்தேன். மூன்றாம் வகுப்பில் பாடத்தை முழுசாக ஒப்பிப்பான், அதே எழுத்துகள் மளிகைக்கடைப் பொட்டலத்தில் இருந்தால் படிக்கத் தெரியாது. அவன் எங்கே நிற்கிறான் என்று யாரும் பார்க்கவே இல்லை, நாங்களும் மார்க்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம்.

இனி ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன், இந்தத் திட்டத்தைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பது அதிலேயே இருக்கிறது.

எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். 2006ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு எல்லோரும் தமிழ் படித்தே ஆகவேண்டும், அது சரிதான், ஆனால் ஆறு வயதில் வருகிற பிள்ளைக்குத் தமிழே புதுசு. பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான் இருப்பதால் ஒரு காலைக் கூட்டத்துக்குச் சீக்கிரமாகப் போயிருந்தேன். டீச்சர் தரையில் பட அட்டைகளையும் எழுத்து அட்டைகளையும் பரப்பி, ஒவ்வொரு படத்துக்கும் அதன் முதல் எழுத்தை எடுத்து வைக்கச் சொன்னார். ஒரு பையன் அணில் படத்தை எடுத்தான், கொஞ்சமும் யோசிக்காமல் பக்கத்தில் 'உ' வைத்தான். டீச்சர் திருத்தினார். அடுத்து இலைக்கு 'ஆ' வைத்தான். திருத்தியதும் முகம் சுருங்கிவிட்டது. மூன்று மாதமாக அரும்பிலேயே இருக்கிறான், எழுத்து மனசில் நிற்கவே மாட்டேன் என்கிறது என்று டீச்சர் என்னிடம் வருத்தப்பட்டார். அவர் ஊர் விழுப்புரம் பக்கம், தெலுங்கு தெரியாது. நான் சொன்னேன், "டீச்சர், அவங்க வீட்டுல அணிலுக்கு உடுதன்னு பேரு. இலையை ஆக்குன்னு சொல்லுவாங்க."

டீச்சர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பையனுக்கு எழுத்து எல்லாமே தெரிந்திருக்கிறது! தெரியாதது தமிழ்ச் சொல் மட்டும். மூன்று மாத மதிப்பீட்டிலும் அவனுக்கு 'தெரியவில்லை' என்றே விழுந்திருக்கிறது. அன்று மதியமே என்னையும் இன்னொரு தெலுங்கு வீட்டு அம்மாவையும் உட்கார வைத்து, எல்லாப் படங்களுக்கும் தெலுங்குப் பெயரை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டார். ஆமை தாபேலு, முயல் குந்தேலு, பூனை பில்லி. ஈயும் எலியும் மட்டும் தொந்தரவு தரவில்லை, தெலுங்கிலும் ஈக, எலுக என்று அதே எழுத்தில்தான் தொடங்குகின்றன. அந்தப் பையன் அடுத்த மாதம் மொட்டு. மதிப்பீடு எதற்கு என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். பிள்ளை தடுமாறுகிற இடத்தை அது காட்டும், ஏன் தடுமாறுகிறது என்பதை டீச்சரும் வீட்டு மனுஷர்களும் சேர்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆசிரியர் பயிற்சியைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் பயிற்சி நடக்கிறது. மாநில அளவில் கற்றவர்கள் மாவட்டத்துக்கும், அங்கிருந்து வட்டாரத்துக்கும் வந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். எங்கள் மாவட்டத்துக்கு திரூரில் இருக்கிற ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம். பயிற்சிக்குப் போய் வந்த டீச்சர் பாட்டும் பொம்மையும் கதையுமாக வகுப்பு நடத்துவது என் மகளிடம் நன்றாகவே தெரிந்தது, வீட்டுக்கு வந்து தார்க்கட்டைகளைப் பத்துப் பத்தாகக் கட்டி எனக்கே கணக்கு சொல்லிக்கொடுத்தாள். ஆனால் எனக்குத் தெரிந்தவரை எல்லாவற்றையும்விட உருப்படியான பயிற்சி, சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குப் பொதுவான குறுவள மையத்தில் பக்கத்து ஊர் டீச்சர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுவதுதான். அந்த நோட்டை எங்கள் டீச்சர் அங்கே கொண்டுபோனார், நாலைந்து பேர் போனில் படம் எடுத்துப் போனார்களாம். மேலே இருந்து எங்கள் டீச்சருக்கு வருகிற கையேட்டில் எல்லைப் பக்கத்துக்கு என்று தனியாக ஒன்றும் நான் பார்க்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. இரண்டு ஆசிரியர்கள் இருக்கிற பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்பும் இன்னொருவர் தலையில் விழுகிறது, அன்றைக்குப் படிப்பு கிடையாது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதே பெரிய வேலை. மதிப்பீட்டைச் செயலியில் ஏற்ற வேண்டும், சிக்னல் இல்லாத ஊரில் டீச்சர் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் வகுப்புக்கும் நடக்கிறார். பிள்ளையைப் பார்க்க வேண்டிய நேரம் போனைப் பார்ப்பதில் போகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன, நான் கண்ணால் பார்த்ததும் அதுதான். அப்புறம் பெற்றோருக்கு வந்து சேருகிற செய்தி 'மொட்டு' என்கிற ஒரு சொல் மட்டும். எதில் மொட்டு, வாசிப்பதிலா, எழுதுவதிலா, கழித்தலிலா? நாமாகப் போய்க் கேட்டால்தான் தெரியும்.

கேட்பதற்கு இடம் இருக்கிறது, அதைத்தான் நம் ஊர்க்காரர்கள் விட்டுவிடுகிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழு என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்கவேண்டும். நம் மாநிலத்தில் 2022ல் புதுசாக அமைத்து, ஒரு அம்மாவைத் தலைவராக்கினார்கள். 2024ல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். முதல் வருடம் நாங்கள் போய்த் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டு வந்தோம், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மதியம் கூட்டம் என்றால் தறிக்காரர்களால் வர முடியாது, சனிக்கிழமை கூலிக்குள் புடவையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தாக வேண்டுமே. ஹெச்.எம். சாரிடம் பேசிப் பேசி, காலையில் பிள்ளைகளை விட வருகிற நேரத்திலேயே அரை மணி நேரம் என்று மாற்றிக்கொண்டோம். இப்போது கழிவறைத் தண்ணீர், சுற்றுச்சுவரோடு சேர்த்து, எத்தனை பிள்ளைகள் அரும்பில் இருக்கிறார்கள், போன மாதம் எத்தனை என்றும் கேட்கிறோம். ஹெச்.எம். கோபப்படுவதில்லை. முதலில் கொஞ்சம் தயங்கினார், இப்போது அவரே எழுதி எடுத்து வருகிறார்.

இல்லம் தேடிக் கல்வி என்கிற அரசின் சாயங்கால வகுப்புத் திட்டம் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் தெருவில் டிகிரி முடித்த ஒரு பெண் சாயங்காலம் அம்மன் கோயில் மண்டபத்தில் சொல்லிக்கொடுத்தாள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு. தறி ஓடுகிற வீட்டில் பிள்ளை வாய்விட்டுப் படித்தால் அதன் காதுக்கே கேட்காது, கரண்ட் போனால்தான் எங்கள் தெருவில் படிக்கிற சத்தம் வரும். அந்தப் பிள்ளைகளுக்கு அமைதியான ஒரு மணி நேரம் கிடைத்ததே பெரிய விஷயம்.

மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு நான்கு போடுவேன். குறைத்த ஒன்று செயலிக்கும், டீச்சர் பற்றாக்குறைக்கும். என் மகள் புதுசாக எதைக் கொடுத்தாலும் படிக்கிறாள், பேருந்துப் பலகை முதல் ரேஷன் கடை அறிவிப்பு வரை. கணக்கில் வகுத்தல் இன்னும் தடுமாற்றம்தான். சேர்க்கப் போகிறவர்கள் கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்யவேண்டாம், வகுப்பில் பத்து நிமிடம் உட்கார அனுமதி கேளுங்கள், டீச்சர் ஒரு பிள்ளையின் தப்பைப் பார்த்துவிட்டு அடுத்து என்ன செய்கிறார் என்று கவனியுங்கள்.

போன கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டிருக்கிறோம். பட அட்டைகளின் பின்பக்கம் தெலுங்குப் பெயரையும் தமிழ் எழுத்திலேயே அச்சடித்துத் தரவேண்டும் என்று வட்டார வள மையத்துக்குக் கேட்டிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை. ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி பக்கம் யாராவது இதே மாதிரி செய்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். எங்கள் நோட்டு வேண்டுமென்றாலும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன், நூற்றுப் பத்துச் சொல் சேர்ந்திருக்கிறது.