கானாடுகாத்தான் வீட்டில் லினக்ஸ் சர்வருக்கு யுபிஎஸ்: நான்கு ஆண்டு அனுபவம்

எங்கள் கானாடுகாத்தான் வீட்டில் நான்கு ஆண்டுகளாக ஒரு சிறிய லினக்ஸ் சர்வர் ஓடுகிறது. ஐயா (தாத்தா) பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன காலத்துப் பேரேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அதில்தான் வைத்திருக்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் எனக்குத் திருச்சியில் வேலை; வீட்டில் அப்பச்சியும் (அப்பா) ஆத்தாவும் (அம்மா) மட்டுமே. யார் கையும் படாமல் சர்வரைப் பத்திரமாக நிறுத்தி, மின்சாரம் வந்ததும் எழுப்பிவிடும் யுபிஎஸ்தான் எனக்குத் தேவை.

முதலில் வாங்கியதில், மின்சாரம் போனதைச் சர்வருக்குச் சொல்லும் யுஎஸ்பி இணைப்பே இல்லை. எத்தனை நிமிடம் தாங்கும் என்று மட்டும் கேட்டு வாங்கினேன். பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தும் மின்சாரம் மாலையில்தான் வரும் ஊரில், அரை மணி தாங்கினால் என்ன, ஒரு மணி தாங்கினால் என்ன? பேட்டரி தீர்ந்ததும் சர்வர் சட்டென்று அணைந்தது. மூன்றாம் முறை வட்டு பழுதாகி, நாற்பது பக்கங்களை மறுபடி படமெடுத்தேன். புரட்டும்போதே ஓரம் உதிர்கிற தாள்கள் அவை.

அடுத்து வாங்கியது 600 விஏ, அதாவது 360 வாட், லைன் இன்டராக்டிவ் வகை. சர்வரும் ரவுட்டரும் சேர்ந்து 50 வாட்டைத் தாண்டுவதில்லை. இந்த வகை, மின்னழுத்தம் இறங்கும் மாலைகளில் பேட்டரியைத் தொடாமலே சமாளிக்கிறது. யுபிஎஸ் சொல்வதைக் கேட்டுச் சர்வரை அணைக்கும் ‘நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ்’ மென்பொருளை நிறுவி, மின்சாரம் போய்ப் பத்து நிமிடத்தில் சர்வர் அணையும்படி வைத்தேன். வீட்டு இன்வெர்ட்டர் விளக்கு எரிக்கும். சர்வருக்குச் சேதி சொல்லாது.

இதிலும் ஒரு சிக்கல் இருந்தது. சர்வர் அணைந்த பிறகு, பேட்டரி தீருமுன் மின்சாரம் வந்துவிட்டால், யுபிஎஸ் இடையில் நிற்கவே இல்லை என்பதால் சர்வர் எழுவதில்லை. “தம்பி, பச்சை விளக்கைக் காணோமே, மேலே ஏறிப் பார்க்கட்டுமா?” என்று அப்பச்சி போனில் கேட்டார். அவருக்கு வயது 74, எங்கள் மாடிப்படியோ செங்குத்து. சர்வர் அணையும் கடைசிக் கட்டத்தில் யுபிஎஸ்ஸையும் நிறுத்தச் சொல்லும் கட்டளை அந்த மென்பொருளிலேயே உண்டு. அதை இயக்கி, மின்சாரம் வந்ததும் தானே தொடங்கும்படி சர்வரின் பயாஸிலும் (தொடக்க அமைப்பு) மாற்றிய பிறகு அவர் படியேற வேண்டியிருக்கவில்லை. எல்லா யுபிஎஸ்ஸும் இந்தக் கட்டளைக்குக் கட்டுப்படாது. வாங்குமுன் அந்த மென்பொருளோடு ஒத்துப்போகும் யுபிஎஸ்களின் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

பேட்டரி விஷயத்தில் வெப்பத்தை நான் நினைக்கவே இல்லை. ஓட்டுக்கூரை மாடியறையில் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றரை ஆண்டில் பக்கவாட்டில் உப்பிவிட்டது. வெளியே எடுக்கவே நெம்ப வேண்டியிருந்தது. ஈய-அமில பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். புதியதை மாட்டியதும் எல்லாவற்றையும் இரண்டாம் கட்டின் தடித்த சுவர் அறைக்கு இறக்கினேன். சித்திரையிலும் அங்கே தரையின் ஆத்தங்குடிக் கல் காலுக்குக் குளிர்கிறது. இரண்டு ஆண்டு கடந்தும் இந்தப் பேட்டரி, புதிதில் தாங்கிய 35 நிமிடத்துக்கு இப்போது 30 நிமிடம் தாங்குகிறது. போன வாரம்தான் பிளக்கைப் பிடுங்கி, கடிகாரம் வைத்துப் பார்த்தேன்.