மருந்தகத்தில் இலவசமாகத் தரும் நலொக்சோன் பெட்டி: ஒரு மதிப்பீடு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பல மருந்தகங்களில் காசு வாங்காமல் கொடுக்கும் நலொக்சோன் பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். மூக்குக் கண்ணாடிக் கூட்டைவிடச் சற்றுப் பெரிதாக, இழுத்து மூடும் ஸிப் வைத்த கெட்டியான உறை அது. ஹெரோயின், ஃபென்டனில், மோர்ஃபின் போன்ற ஓபியொயிட் எனப்படும் அபின் வகைப் பொருள்களை அளவு மீறி எடுத்து மூச்சு அடங்கிக்கொண்டிருக்கும் ஒருவரை, அம்புலன்ஸ் வந்து சேரும் வரையில் உயிரோடு வைத்திருப்பதே அதன் வேலை. ஊழியர் எவருக்கேனும் இந்த ஆபத்து நேரலாம் என்று அறிந்த வேலைத்தளங்கள் இப்பெட்டியைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்ற விதி இம்மாகாணத்தில் 2023 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நான் வேலை செய்யும் களஞ்சியத்தின் பாதுகாப்புக் குழுவில் இருப்பதால் அங்குதான் அதை முதலில் கண்டேன். பிறகு வீட்டுக்கும் ஒன்று வாங்கினேன். பதினான்கு மாதமாகியும் அதைப் பாவிக்கும் நிலைமை வரவில்லை. ஆகையால் உயிர் காத்த கதை எதையும் இதில் எதிர்பார்க்க வேண்டாம். வாங்கியது, கற்றது, வைத்துப் பேணியது ஆகியவற்றை வைத்தே மதிப்பிடுகிறேன்.

முதலில் போன மருந்தகத்தில் காசாளர் மேசையில் நின்றவர், வரிசையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி, நலொக்சோன் யாருக்கு என்று உரத்துக் கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் தமிழர் நிறைந்த ஸ்காபரோவில் ஒரு வரிசையில் நால்வர் நின்றால் அதில் ஒருவராவது கோயிலிலோ கலியாண வீட்டிலோ கண்ட முகமாக இருப்பார். பிறகு வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஐம்பத்தெட்டு வயதில், பனடோலுக்கு மேல் எதையும் தொடாத நானே அப்படி நழுவினேன் என்றால், உண்மையிலேயே தேவையுள்ள இருபது வயதுப் பையன் எத்தனை கடைகளில் இருந்து இப்படித் திரும்பியிருப்பான் என்ற யோசனை அன்று முழுவதும் விடவில்லை.

இரண்டாவது கடையில் மருந்தாளுநர் நம்முடைய பிள்ளை ஒருவர். நான் பெயரைச் சொன்னதும் பக்கத்திலிருந்த சிறிய அறைக்கு அழைத்துச் சென்று கதவைச் சாத்தினார். "அங்கிள், ஆருக்கு எண்டு நான் கேக்க மாட்டன். எப்பிடிப் பாவிக்கிறது எண்டு ஒருக்காக் காட்டுறன், நீங்கள் திருப்பிச் செய்து காட்டுங்கோ" என்றார். மருந்தில்லாத பயிற்சித் தெளிப்பானைக் கையில் தந்தபோது, அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக, ஊதுபத்திப் பெட்டியைத் தட்டிப் பார்ப்பது போல, காற்றில் ஒருமுறை அழுத்திவிட்டேன். "அதைத்தான் செய்யக்கூடாது அங்கிள், உண்மையானதுக்குள்ள ஒரு அடிதான் இருக்கு" என்று சிரித்தார். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. சுகாதார அட்டையைக் கேட்கவில்லை, கையெழுத்தும் வாங்கவில்லை. இந்தச் சேவைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான்.

உள்ளே, ஒவ்வொன்றிலும் 4 மில்லிகிராம் மருந்து அடங்கிய தெளிப்பான் இரண்டு, ஒரு சோடிக் கையுறை, வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கும்போது இடையில் வைக்கும் தடுப்புத் தாள், ஒரு விளக்கத் தாள் ஆகியவை இருக்கின்றன. தெளிப்பானின் அடியில் பெருவிரலையும், மூக்குக்குள் செல்லும் முனையின் இருபுறமும் சுட்டுவிரலையும் நடுவிரலையும் வைத்துப் பிடிக்க வேண்டும். கிடப்பவரின் தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்தை ஒரு கையால் தாங்கி, விரல்கள் மூக்கின் அடியில் முட்டும் வரை முனையை உள்ளே செலுத்தி, ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் அசைவு இல்லையென்றால் இரண்டாவதை மற்ற நாசித் துவாரத்தில் அடிக்கலாம். மருந்து மூச்சோடு உள்ளே இழுக்கப்படத் தேவையில்லை, மூக்கின் உட்தோல் வழியாகவே உறிஞ்சப்படுகிறது என்பதால்தான் மூச்சு நின்றவருக்கும் இது பலிக்கிறது.

அந்தப் பிள்ளை சொல்லித் தந்தவற்றுள் தாளில் உள்ளதைவிடப் பெறுமதியானவை இரண்டு. உதடும் நகமும் நீலமாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள்; நம்முடைய நிறத்தில் அந்த நீலம் எளிதில் தெரியாது, சாம்பல் பூத்தது போலத்தான் இருக்கும். இன்னொன்று குறட்டை. அளவு மீறியவரின் தொண்டையில் இருந்து வரும் கரகரத்த ஒலியைக் கேட்டு, களைத்துப்போய் நல்ல நித்திரை கொள்கிறான் என்று வீட்டார் போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போவதுண்டு. தோளை உலுக்கி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நெஞ்செலும்பை விரல் மொளியால் அழுத்தித் தேய்த்தும் விழிக்காதவர் நித்திரையில் இல்லை.

ஊசி வடிவமும் கிடைக்கிறது. தசையில் ஏற்றும் அந்த மருந்தின் ஒரு குப்பி 0.4 மில்லிகிராம்தான். குப்பியின் கழுத்தை உடைத்து, மருந்தை உறிஞ்சி, தொடையில் குத்துவதற்குக் கை நடுங்காமல் இருக்க வேண்டும்; நடுங்காத கை உள்ளவர்கள், அளவைக் கட்டுப்படுத்திக் கொடுக்க முடிவதால், அதையே விரும்புகிறார்கள். அளவு கூடினால் நல்லது என்று நினைப்பது தவறு. 8 மில்லிகிராம் தெளிப்பான் ஒன்று அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது நியூயோர்க் மாநிலப் பொலிசார் அதையும் 4 மில்லிகிராமையும் களத்தில் பாவித்துப் பார்த்தார்கள். 2024இல் வெளியான முடிவின்படி உயிர் பிழைத்தவர் விகிதத்தில் வேறுபாடு இல்லை, போதைப்பொருளின் வேலை திடீரென நிற்கும்போது வரும் வாந்தி முதலான விலகல் துன்பங்கள் மட்டும் கூடியிருந்தன. ஆகவே, கூடுதல் வலு என்று விளம்பரம் செய்யும் பெட்டி ஏதும் கண்ணில் பட்டால் மயங்க வேண்டியதில்லை.

இது இலவசமாகவும் கேள்வியில்லாமலும் கிடைப்பதை அரசின் பெருந்தன்மை என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிக் கதைதான் தெரியும். இந்த மருந்துக்கான காப்புரிமை விண்ணப்பம் 1961ஆம் ஆண்டினது; அமெரிக்காவில் 1971இல் அனுமதி கிடைத்தது; உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 1983 முதல் இருக்கிறது. இருந்தும், மிகையளவில் மூச்சடங்குவோர் பெரும்பாலும் வீட்டு அறைகளிலும் கழிவறைகளிலும் கிடக்க, மருந்து வைத்தியசாலை அலுமாரிகளிலும் அம்புலன்ஸ்களிலும் இருந்தது. 1996இல் சிக்காகோவில் டான் பிக் என்பவரும் அவருடைய சிக்காகோ ரிக்கவரி அலையன்ஸ் அமைப்பினரும், போதைப்பொருள் பாவிப்பவர்களின் கையிலேயே இதைக் கொடுக்கத் தொடங்கினார்கள். பக்கத்தில் யார் இருப்பார்களோ அவர்களிடம்தான் மருந்து இருக்க வேண்டும் என்ற எளிய கணக்கு அது. தீங்கு குறைப்பு என்று இன்று ஆய்வரங்குகளில் பேசப்படுவதன் சாரம் எனக்கு விளங்கியது இந்தக் கணக்கில்தான்.

பாவிப்பவன் கையில் கொடுத்தால் அவன் இன்னும் துணிந்து பாவிப்பான் என்ற எதிர்வாதம் அன்றும் இருந்தது. அதற்குப் பதிலாக வந்தவற்றுள் மாசச்சூசெட்ஸ் ஆய்வைப் போல நேரடியானதை நான் அறியேன். அங்கு மிகையளவு மரணங்கள் தொடர்ந்து பதிவான 19 நகரங்களை எடுத்துக்கொண்டு, பயிற்சியும் மூக்குத் தெளிப்பானும் எத்தனை பேருக்குக் கிடைத்தன என்பதையும் மரண விகிதத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். திட்டமே இல்லாத காலத்தோடு ஒப்பிடுகையில், ஒரு லட்சம் பேருக்கு 100 பேர் வரை பயிற்சி பெற்ற இடங்களில் மரண விகிதம் 27 சதவீதமும், அதற்கு மேல் பெற்ற இடங்களில் 46 சதவீதமும் குறைவாக இருந்தது. துணிச்சல் வாதத்துக்கு என்னிடம் இன்னொரு பதிலும் உண்டு: நலொக்சோனில் விழிப்பவர் இன்பத்தில் விழிப்பதில்லை, நடுக்கமும் குமட்டலும் எரிச்சலுமாக விழிக்கிறார், அதை விரும்பித் தேடிப் போவார் எவருமில்லை.

பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஸ்கொட்லாந்து 2011இல் நாடு தழுவிய திட்டம் தொடங்கியது. அருகில் இருக்கக்கூடிய எவருக்கும் இது கிடைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இல் வழிகாட்டியது. கனடா 2016 மார்ச்சில் மருந்துச்சீட்டுத் தேவையை நீக்கியது. அவசர உதவிக்கு 911ஐ அழைப்பவரையும் விழுந்து கிடப்பவரையும் சொந்தப் பாவனைக்கு வைத்திருந்த குற்றத்துக்காகப் பிடிக்கக்கூடாது என்ற நல்ல சமாரியன் சட்டம் 2017 மேயில் வந்தது; பெட்டி வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும், ஏனென்றால் பயத்தில் அழைக்காமல் விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வியன்னாவில் கூடும் ஐ.நா. போதைப்பொருள் ஆணைக்குழுவோ மிக மெதுவாகவே நகர்ந்தது. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் தீர்மானம் என்பது அங்குள்ள வழக்கம் என்பதால், தீங்கு குறைப்பு என்ற சொல்லே ஆண்டுக்கணக்கில் வரைவுகளில் இருந்து வெட்டப்பட்டு வந்தது. 2024 மார்ச்சில்தான், மிகையளவு பற்றிய தீர்மானமொன்றில், வழக்கத்தை மீறி வாக்கெடுப்பு நடத்தி அச்சொல்லை ஏற்றார்கள்: ஆதரவாக 38 நாடுகள், எதிராக ரஷ்யாவும் சீனாவும். என் கதவோரம் தொங்கும் உறைக்குள் இருக்கும் பொருளின் பெயரை உரக்கச் சொல்ல, உலக நாடுகளின் மன்றமும் ஸ்காபரோ வரிசையில் நின்ற என்னைப் போலவே கூச்சப்பட்டிருக்கிறது.

குறைகளுக்கு வருகிறேன். எனக்குக் கிடைத்த விளக்கத் தாள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மட்டும் இருந்தது. பகலெல்லாம் வீட்டில் இருக்கும் அம்மாவோ அம்மம்மாவோதான் பிள்ளையின் அறைக்கதவை முதலில் திறக்கப்போகிறவர் என்றால், அவருக்கு அந்தத் தாளால் பயனில்லை. நான் படிகளைத் தமிழில் எழுதி உறைக்குள் மடித்து வைத்திருக்கிறேன். மருந்தின் வேலை 20 முதல் 90 நிமிடத்தில் தேய்ந்துவிடும், அதற்குப் பின் ஓபியொயிட் மறுபடியும் மூச்சை அமுக்கலாம் என்பதையும் தாள் இன்னும் பெரிய எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் எழுந்து உட்கார்ந்தவர் எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிப் போகப் பார்ப்பார். இப்போது சந்தையில் ஃபென்டனிலோடு பென்சோடையசெபீன் வகை மயக்க மருந்துகளும் கலந்து வருகின்றன. நலொக்சோன் அவற்றை முறிக்காது. மூச்சு திரும்பியும் ஆள் விழிக்காமல் கிடந்தால் மருந்து பொய்த்தது என்று பதறாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சைக் கவனித்தபடி காத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை பெட்டியின் வடிவமைப்பில் இல்லை. அளவு மீறியவர் தனக்குத் தானே இதைக் கொடுத்துக்கொள்ள முடியாது. பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவரைக் கொடுக்கும் இடங்களாக இருந்தவை, ஊழியர் பார்த்திருக்கப் போதைப்பொருள் பாவிக்கும், கண்காணிப்புடன் கூடிய பாவனை நிலையங்கள். பாடசாலைகளுக்கும் சிறுவர் பராமரிப்பு நிலையங்களுக்கும் 200 மீற்றருக்குள் இருந்தவற்றை ஒன்ராறியோ அரசு 2025 மார்ச் இறுதியோடு மூட வைத்தது. அயலில் வசிப்போரின் முறைப்பாடுகளை நான் அலட்சியம் செய்யவில்லை; ஊசி கிடந்த நடைபாதையில் பேரப்பிள்ளையைக் கூட்டிப் போனவன்தான் நானும். ஆனாலும் 2016 முதல் இந்நாட்டில் ஓபியொயிட் நச்சால் 50,000க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கையில், பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு அதை எடுத்து அடிக்க ஆளிருக்கும் அறையைப் பூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பேணுவது பற்றியும் ஒரு சொல். மருந்து உறையக்கூடாது, எனவே பனிக்காலத்தில் இதைக் காருக்குள் விட வேண்டாம். நான் வீட்டில் குளிரங்கி மாட்டும் ஆணியில், எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கவிட்டிருக்கிறேன். காலாவதித் திகதியைக் கோயில் கலண்டரில் குறித்திருக்கிறேன். வந்துபோகும் உறவினர்கள் முதலில் அது என்னவென்று கேட்டார்கள், பிறகு ஏன் என்று கேட்டார்கள். சென்ற மாதம் ஒருவர் மட்டும், குளிரங்கியை மாட்டிக்கொண்டே, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். இரண்டாவது கடையின் பெயரைச் சொன்னேன்.