பதினைந்து மணி நேரம்: பெரிய தனியார் பல்கலைக்கழகத்தில் என் நான்கு ஆண்டுகள்

ராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, பிளஸ் டூ முடித்த தம் மகளை நான் படித்த பல்கலைக்கழகத்தில் சேர்க்கலாமா என்று போன வாரம் கேட்டார். கட்டணம், விடுதி, பிளேஸ்மென்ட் எல்லாம் அவர் ஏற்கெனவே விசாரித்துவிட்டார். "படிப்பையும் விடாம, நாலு பேரோட பழகிச் சந்தோஷமாவும் இருக்க முடியுமா தம்பி?" என்பதுதான் அவருடைய கேள்வி. 2021 முதல் 2025 வரை சென்னைக்கு அருகே அங்கே பொறியியல் படித்தவன் என்ற முறையில், வாசலில் நின்று சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

75 விழுக்காடு வருகைப்பதிவு வேண்டும் என்பது எல்லாரும் அறிந்த விதி. வாரத்துக்கு 4 மணி நேரமாக 15 வாரம் நடக்கும் பாடத்துக்கு மொத்தம் 60 மணி நேரம். அதில் 45 மணி நேரம் வகுப்பில் இருந்தாக வேண்டும். நட்பு, நாடக ஒத்திகை, காய்ச்சல், ஊர்த் திருவிழா எல்லாவற்றுக்கும் சேர்த்து நமக்கென்று மிஞ்சுவது 15 மணி நேரம்.

இரண்டாம் ஆண்டில் 'சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்' பாடத்தில் நான் 16 மணி நேரம் விட்டிருந்தேன். ஒத்திகை முடிந்து விடியலில் தூங்கியதில் 7, வகுப்பே சேர்ந்து அடித்த மாஸ் பங்கில் 6. இவை என் பிழை, மறுக்கவில்லை. மீதி 3 மணி நேரம், 2023 மார்ச் 3, 4 தேதிகளில் நடந்த கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்காக அப்பாவுடன் படகேறியதில் போனது. பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயில் நின்றுவிட்டதால், மண்டபத்தில் இறங்கிப் பேருந்தில் கடலைத் தாண்டித்தான் வீட்டுக்கே வர முடிந்தது. பருவ இறுதியில் ஒட்டிய பட்டியலில் என் பெயருக்கு எதிரே 44 மணி நேரம், 73 விழுக்காடு என்றிருந்தது. தேர்வெழுத அனுமதி இல்லை.

மருத்துவச் சான்றிதழ் கொண்டுவந்தால் அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்றார்கள். அப்பாவிடம் போனில் சொன்னேன். "அந்தோணியாரைக் கும்பிட்டுட்டு வந்து காய்ச்சல்னு எழுதிக் குடுப்பியாப்பா? வேணாம்" என்றார். நான் கொடுக்கவில்லை.

இன்றும் என்னால் பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. அதே பருவத்தில், பல்கலைக்கழக ஃபெஸ்ட்டுக்காக நாற்காலி அடுக்கி, பேனர் கட்டி, விருந்தினரை வரவேற்ற 8 மணி நேரத்துக்கு எனக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) கிடைத்தது, வகுப்பில் இருந்ததாகவே பதிவாயிற்று. நண்பர்களோடு இருக்கலாம், கொண்டாடலாம், ஆனால் அது மதில் சுவருக்குள் அவர்கள் பெயர் போட்ட மேடையில் நடக்க வேண்டும். 600 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நம் உறவும் ஊரும் அந்தக் கணக்கில் ஏறாது. படிப்புக்கும் நட்புக்கும் இடையே நான் ஓரளவு சமாளித்துவிட்டேன். அங்கே படிக்கும்போதே ஊர்க்காரனாகவும் இருப்பதுதான் என்னால் முடியாமற்போனது.

ஆனால் நான்கு ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த நட்பும் அந்தத் தோல்வியிலிருந்தே வந்தது. மறு ஆண்டு அதே பாடத்தை ஜூனியர்களோடு உட்கார்ந்து படித்தேன். இரவு மெஸ்ஸில் சாப்பிட்டு முடித்தபின், மணிப்பூர்ப் பையன் ஒருவன் உட்பட ஐந்து பேர் ஒரே மேசையில் கணக்குப் போடுவோம். தரை கழுவும் அண்ணன் வாளித் தண்ணீரை ஊற்றும்போது எல்லாரும் காலைத் தூக்கிக்கொள்வோம். அவர் மேசைக்கடியில் துடைப்பத்தை ஓட்டி முடிக்கும் வரை நோட்டிலிருந்து ஒருவரும் கண்ணெடுக்க மாட்டோம். முந்தைய ஆண்டு மனப்பாடமாகத் தெரிந்த 'கன்வல்யூஷன்' என்ற கணக்குமுறை எனக்கு உண்மையில் புரிந்தது, அதை அவர்களுக்கு விளக்கப்போய்த்தான். அத்தனை மாநிலத்துப் பிள்ளைகள் ஒரே மேசைக்கு வருவது அவ்வளவு பெரிய இடத்தில்தான் நடக்கும் என்பதையும் மனமாரச் சொல்கிறேன்.

இவ்வளவையும் நினைத்துப் பார்த்த பிறகும் அக்காவிடம் சேர்க்க வேண்டாம் என்றே சொன்னேன். அந்தப் பட்டியல் நினைவுக்கு வந்தால் எனக்கு வேறு பதில் வருவதில்லை. அவர் மகள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து, "மாமா, திருவிழாவுக்கு 3 மணி நேரம் எடுத்து வச்சிட்டா மீதி எவ்வளவு?" என்றாள்.

12 என்றேன்.