ஜங்லிகாட் மெஸ்: உளுந்து தீர்ந்த வாரத்தில் பிறந்த ஆப்பம்

மெயின்லேண்டிலிருந்து அந்தமானின் போர்ட் பிளேருக்கு வரும் சொந்தக்காரர்கள் மூன்றாம் நாள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இங்க நல்ல இட்லி எங்க கிடைக்கும்?" இட்லிக்கு நான் பொறுப்பில்லை. ஆப்பம் என்றால் ஒரு இடம் சொல்வேன். (ஊருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். என் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது.)

ஜங்லிகாட் மீன் இறங்குதுறையிலிருந்து மேடேறி வந்தால் ஒரு நீலத் தார்ப்பாய், வாசலில் தேங்காய் மட்டைக் குவியல். அதுதான் கடை. பெயர்ப்பலகை கிடையாது, ஒரு கரும்பலகை மட்டும் உண்டு. உள்ளே நான்கு பெஞ்சு. நடத்துபவரை எல்லாரும் அக்கா என்றே கூப்பிடுகிறோம். அவருடைய அப்பா ராமநாதபுரத்திலிருந்து கூலி வேலைக்கு வந்தவர். அக்கா இங்கேயே பிறந்தவர். காலை ஐந்து மணிக்கே அடுப்பு எரியும். இந்தியாவுக்கெல்லாம் ஒரே கடிகாரம், ஆனால் சூரியன் சென்னையைவிட எங்களுக்குத்தானே முன்னால் வருகிறது. ஒன்பது மணிக்குப் போனால் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

ஆப்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். சின்ன இரும்புச் சட்டி, ஒரு கரண்டி மாவு, ஒரே சுழற்று. ஓரம் பொரிந்து, நடுவில் பஞ்சாக நிற்கும். முதல் ஆப்பத்துக்குத் தேங்காய்ப் பால், இரண்டாவதற்கு சூரை மீன் குழம்பு என்பது என் கணக்கு. தேங்காய் தீவிலேயே விளைவது, அன்று காலை துருவியது. சென்னையில் பாக்கெட் பால் ஊற்றித் தரும் ஆப்பத்தோடு இதை ஒப்பிட வேண்டாம்.

2020-க்கு முன்னால் இந்தக் கடையில் ஆப்பமே கிடையாது. இட்லி, தோசை, வெங்காய ஊத்தப்பம், அவ்வளவுதான். நான் ஹாடோ துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் கணக்கு எழுதுகிறவன். எந்தக் கப்பலில் எத்தனை மூட்டை வருகிறது என்பது என் நோட்டுக்கு வந்துவிடும். அந்த வருஷம் அக்கா என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "உளுந்து ஏறிருச்சா தம்பி?" என்பதுதான்.

மார்ச் 26-ஆம் தேதி தீவில் முதல் கொரோனா தொற்று. டெல்லிக்குப் போய்த் திரும்பியவர்களிடம் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்பே பீச்சுகளைப் பூட்டி, டூரிஸ்டுகளைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. ஏப்ரல் 6 பங்குனி உத்திரம். வழக்கமாக அன்று ஊரே வெற்றிமலை முருகன் கோயிலில்தான் இருக்கும். அக்காவும் கடையைப் பூட்டிவிட்டுக் காவடி பார்க்கப் போவார். அந்த வருஷம் கடையும் பூட்டு, தெருவும் வெறிச். எண்ணிக்கை 33-க்குப் போய் நின்றது. மே மாதம் அத்தனை பேரும் குணமாகி, கணக்கு பூஜ்யம். கடல்தான் நமக்குக் காவல் என்று டீக்கடை பெஞ்சில் பெருமை பேசினோம். நானும் பேசினேன்.

ஆனால் அந்தக் காவல்தான் சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்தது. சரக்குக் கப்பல் ஒரேயடியாக நிற்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஏற்றி அனுப்ப வேண்டிய கடைகள் நின்றுபோயின. சென்னை பாரிமுனை மொத்தக் கடைகளிலிருந்து வரும் உளுந்தும் பொட்டுக்கடலையும் மெலிந்தன. மே 5-ல் கோயம்பேடு மார்க்கெட்டையே மூடினார்கள். இங்கே வெங்காயம் இல்லாமல் போனது. பார்சல் மட்டும் என்று அக்கா கடையைத் திறந்தபோது, கரும்பலகையில் ஊத்தப்பத்தை அடித்துவிட்டு "கப்பல் வந்தால்" என்று எழுதியிருந்தார். சாம்பாரில் பப்பாளிக்காய். சட்னி என்றால் தேங்காயும் பச்சைமிளகாயும் மட்டும். உளுந்தைக் குறைத்து அரைத்த இட்லியைக் கையில் எடுத்தால் கல். இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள், "அரிசி ரேஷன்ல இருக்கு, தேங்கா மரத்துல இருக்கு, வேற என்ன வேணும்" என்று ஆப்பச் சட்டியை இறக்கிவிட்டார். ஒரு பிடி உளுந்து போதும், அதுவும் இல்லையென்றால் பழைய சோற்றைப் போட்டு அரைத்தார்.

இன்னொரு கூத்தும் நடந்தது. டூரிஸ்டுகள் போகும் ஹேவ்லாக் தீவின் ரிசார்ட்டுகள் மூடிக் கிடந்ததால், நாங்கள் கண்ணால் மட்டும் பார்த்த சிங்கிறால் ஜங்லிகாட்டில் விலைபோகாமல் கிடந்தது. ஒரு வாரம் அக்கா சிங்கிறால் குழம்பு வைத்தார். மீன் குழம்பு விலைதான். ஆயுசுக்கும் அந்த ஒரு வாரம்தான். இப்போது கேட்டால் சிரிப்பார், வைக்கமாட்டார்.

ஜூனில் மெயின்லேண்டில் மாட்டியிருந்தவர்கள் திரும்ப ஆரம்பித்ததும் தொற்றும் திரும்பியது. ஜூலை முடிவில் சில நூறு பேர். ஆகஸ்ட் முடிவில் மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது. மொத்தம் நான்கு லட்சம் பேர் உள்ள தீவு. சந்துக்குச் சந்து மூங்கில் கட்டி அடைத்தார்கள். அந்த மாதக் கடைசியில்தான் இந்தத் தீவுகளின் பழங்குடிகளான கிரேட் அந்தமானிகளில் பத்துப் பேருக்குத் தொற்று என்று செய்தி வந்தது. அவர்கள் மொத்தமே ஐம்பது சொச்சம் பேர். 1877-ல் தட்டம்மை வந்து அவர்களை வாரிக்கொண்டு போனதையும், 1961 கணக்கெடுப்பில் 19 பேர் மட்டுமே மிஞ்சியிருந்ததையும் இங்கே பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்குத் தெரியும். அன்று பார்சல் வாங்க நின்ற வரிசையில் யாரும் பேசவில்லை. பத்துப் பேரும் பிழைத்தார்கள்.

அக்காவுக்கு வந்ததும் அதே ஆகஸ்டில். கொரோனா கேர் சென்டரில் இருந்துவிட்டு, வீட்டிலும் அடைந்து கிடந்துவிட்டுக் கடையைத் திறந்த முதல் நாள் நான் போயிருந்தேன். தாளிப்புக் கரண்டியில் கடுகு வெடித்து முடிந்து, கறிவேப்பிலை கருகி, புகை எழும்பிக்கொண்டிருந்தது. அக்கா பக்கத்திலேயே நின்று மாவைக் கலக்கிக்கொண்டிருந்தார். "அக்கா, கருகுது" என்றேன். திரும்பிப் பார்த்தார். மூக்கைத் தொட்டுக் காட்டி, இல்லை என்பதுபோல் கையை விரித்தார். அப்புறம் ஒரு கரண்டி குழம்பை எடுத்து, கதவோரம் இருந்த ஸ்டூலில் வைத்துவிட்டு நான்கு அடி தள்ளிப் போய் நின்றார். "உப்புப் பாரு தம்பி." பார்த்தேன். உப்பே போடவில்லை. ஏறக்குறைய நான்கு மாதம் ஐந்து மணிக்குப் போய் உப்புப் பார்ப்பது என் வேலையாக இருந்தது. அதனால்தான் இந்தக் கடைக்கு நான் எழுதும் மதிப்புரையில் நடுநிலை கொஞ்சம் குறைவு. தெரிந்தே படியுங்கள்.

வாசனை முழுதாகத் திரும்பவில்லை என்கிறார். குறை என்று சொன்னால் அதுதான்: சில நாள் குழம்பில் உப்புத் தூக்கலாக இருக்கும், ரசத்தில் பெருங்காயம் மிதமிஞ்சும். சொன்னால் கோபித்துக்கொள்ளமாட்டார், உடனே மாற்றித் தருவார். சொல்லாமல் தட்டில் விட்டுவிட்டுப் போனால்தான் கோபம். காபியைப் பற்றி எதுவும் எழுதாமல் இருப்பது நல்லது. டீ குடியுங்கள்.

பணம் எப்படிக் கொடுப்பது? சுவரில் க்யூஆர் ஒட்டியிருக்கிறது. சென்னையிலிருந்து கடலுக்கடியில் 2,300 கிலோமீட்டர் கேபிளை இழுத்து வந்து 2020 ஆகஸ்ட் 10-ல் தொடங்கிவைத்தார்கள். அதுவரை சாட்டிலைட் நெட்தான். என் மகள் ஆன்லைன் கிளாஸுக்காக மொட்டைமாடியில் போனைத் தூக்கிக்கொண்டு நடந்தது எனக்கு மறக்காது. கேபிள் வந்தபின் போனில் பணம் அனுப்புவது சாதாரணமாகிவிட்டது. ஆனாலும் க்யூஆருக்குக் கீழே ஆணியில் பற்று நோட்டு இன்னும் தொங்குகிறது. படகு ஓடாத மாதங்களில் படகுக்காரர்களுக்கெல்லாம் சோறு போட்டது அந்த நோட்டுதான். 2021 மே மாதம் இரண்டாம் அலையில் போனார் எங்கள் துறைமுகத்து ஃபோர்மேன் ஒருவர், தினமும் மூலை பெஞ்சில் உட்காருகிறவர். அவர் பக்கத்தில் 340 ரூபாய் பாக்கி. மகன் கொண்டுவந்து கொடுத்தபோது அக்கா வாங்கவில்லை, அந்தப் பக்கத்தை அடிக்கவும் இல்லை. முதல் அலையோடு தீவில் 62 மரணம், எல்லாம் ஓய்ந்தபோது 129. மெயின்லேண்ட் கணக்கில் அது ஒரு தெருவுக்குக்கூடக் காணாது. இங்கே அந்த 129-ல் ஒருவரையாவது தெரியாத ஆள் கிடையாது.

அந்த டிசம்பரில், பதினெட்டு வயது தாண்டிய எல்லாருக்கும் இரண்டு டோஸும் போட்டாகிவிட்டது என்று நிர்வாகம் அறிவித்தது. டூரிஸ்டுகள் அதற்கு முன்பே வர ஆரம்பித்திருந்தார்கள், ஆப்பத்தைப் போட்டோ எடுத்தார்கள். உளுந்தும் ஒழுங்காக வருகிறது. இட்லி மறுபடி உண்டு, சுமார்தான். அக்காவுக்கே அதில் ஆர்வம் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

போகிறவர்கள் ஏழு மணிக்குள் போங்கள். ஞாயிறு விடுமுறை. சில்லறை கொண்டுபோங்கள், மழை நாளில் நெட் படுத்துவிடும். மீன் குழம்பு வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்லிவைப்பது உத்தமம். வெங்காய ஊத்தப்பம் கேட்பதற்கு முன்னால் கரும்பலகையைப் பாருங்கள். "கப்பல் வந்தால்" என்ற எழுத்தை அவர் இன்னும் அழிக்கவில்லை. போன வாரம் கடல் கொந்தளிப்பில் கப்பல் இரண்டு நாள் தாமதம்; ஊத்தப்பம் இல்லை.