எடை மிஷின், கலோரி ஆப், ஸ்மார்ட் பேண்ட்: நாள்பட உழைப்பது எது?

மூன்றில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சமையலறை எடை மிஷினை வாங்குங்கள். கையில் கட்டும் பேண்டும், கலோரி கணக்கிடும் ஆப்பும் இல்லாமல் டயட் நடக்கும். தட்டில் விழுவது எத்தனை கிராம் என்று தெரியாமல் நடக்காது. ஐந்து கிலோ தாங்கி, ஒரு கிராம் வரை பிரித்துக் காட்டும் மிஷின் சில நூறு ரூபாய்தான். அதற்கு மேல் கொடுக்கும் காசு பெரும்பாலும் அழகுக்குப் போகிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது பேட்டரி. பட்டன் செல் போடும் வகையைத் தவிர்த்து, ரிமோட்டில் போடும் சின்ன பென்சில் செல் வகையை எடுங்கள். செல் இறங்க ஆரம்பித்தால் எச்சரிக்கை வருவதற்கு முன்பே எண் ஆடத் தொடங்கும். அகலமான சில்வர் தட்டை வைத்தால் டிஸ்ப்ளே மறைந்துவிடும். கீழே ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, டேர் (எண்ணைப் பூஜ்யமாக்கும் பட்டன்) அழுத்திவிட்டுத் தட்டை ஏற்றினால் தீர்ந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேரே வைக்காதீர்கள். உள்ளே எடையை உணரும் லோடு செல் சூடேறினால் எண் நகர்ந்துகொண்டே போகும். மடித்த துணியைப் போட்டு, அதற்கு டேர் அழுத்திய பிறகு வையுங்கள். சேலத்து மே மாதத்தில் ஃபேனை நிறுத்தச் சொல்ல முடியாது, ஆனால் நேர் கீழே வைத்தால் ஒன்றிரண்டு கிராம் ஆடும்.

மிஷின் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கத் தனி எடைக்கல் தேவையில்லை. பத்து ரூபாய் நாணயம் ஒன்று 7.71 கிராம், பத்தை அடுக்கினால் 77 காட்ட வேண்டும். பெரிய எடைக்கு, பிரிக்காத ஒரு லிட்டர் கடலை எண்ணெய் பாக்கெட் போதும். 910 கிராம் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும், கவருக்குச் சில கிராம் கூட்டிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானோர் கோட்டைவிடும் இடமும் எண்ணெய்தான். வாணலியை மிஷின் மேல் வைத்து எண்ணெயை மெதுவாக ஒழுகவிட்டால் பல மிஷின்கள் அதைக் கணக்கிலேயே எடுக்காது. மெல்ல ஏறும் சின்ன எடையை மிஷின் தன் சொந்தத் தடுமாற்றம் என்று நினைத்துப் பூஜ்யத்துக்கு இழுத்துவிடும். அதனால் எண்ணெய்த் தூக்கை மிஷினில் வைத்து டேர் அழுத்துங்கள், எடுத்து ஊற்றுங்கள், திரும்ப வையுங்கள். மைனஸில் வரும் எண்தான் ஊற்றிய எண்ணெய். கிராமுக்கு ஒன்பது கலோரி. மைனஸ் 18 என்றால் 162 கலோரி. அரிசியில் 18 கிராம் தவறினால் போவது 60 சொச்சம்தான். போட்டோ எடுத்தால் கலோரி சொல்லும் ஏஐ ஆப்கள் இடறுவதும் இங்கேதான். குழம்பின் மேலே மிதக்கும் எண்ணெயைக் கேமரா ஓரளவு ஊகிக்கும், தோசைக்குள் இறங்கியதை எப்படிப் பார்க்கும்?

ஆப்பைப் பொறுத்தவரை தரவுத்தளம் யார் கை எழுதியது என்பதே கேள்வி. பயனர்களே பதிந்த பட்டியலில் இட்லி என்று தேடினால் பல அளவுகளில் பல எண்கள் வரும், எத்தனை கிராம் இட்லி என்று பாதிப் பதிவுகளில் இருக்காது. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப் பட்டியலில் 528 உணவுப் பொருட்கள் இருக்கின்றன. அதை ஆதாரமாகக் காட்டும் பதிவு கிடைத்தால் அதை எடுங்கள். சமைக்காத எடையையே பதியுங்கள். நூறு கிராம் அரிசிக்கு 350 கலோரி என்று வைத்தால், வெந்தபின் அது கிட்டத்தட்ட 300 கிராம் சோறு. சோற்றை அளந்துவிட்டு அரிசிப் பதிவைத் தட்டினால் கணக்கு மூன்று மடங்கு. ஏற்காட்டில் இன்னொரு சிக்கல்: 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் வடித்தால் நேரமும் தண்ணீரும் மாறும், சோற்றின் எடையும் மாறும். அரிசி எடை மாறாது.

கூட்டாகச் சமைப்பதை ஒருமுறை கணக்கிட்டு ஆப்பில் சொந்த ரெசிபியாகச் சேமித்துவிடுங்கள். முதலில் காலிப் பாத்திரத்தின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜவ்வரிசி உப்புமா என்றால் ஜவ்வரிசி 200 கிராம் (700 கலோரி), வேர்க்கடலை 40 (225), எண்ணெய் 18 (162), வெங்காயம் 80 (35). மொத்தம் 1,120 சொச்சம். வெந்து இறக்கியதும் பாத்திர எடை போக 520 கிராம் நின்றால், நூறு கிராமுக்கு 215. பரிமாறும்போது தட்டை மிஷினில் வைத்துக்கொண்டால் போதும்.

ஜவ்வரிசியை எடை குறைக்கும் உணவு என்று ரீல்ஸில் விற்கிறார்கள். சேலத்துக்காரர்களிடம் இது செல்லுபடியாகக் கூடாது. குச்சிக்கிழங்கை (மரவள்ளியை) அரைத்து, அந்தக் கிழங்குப் பாலைத் தொட்டியில் படியவிட்டு, அந்த மாவைத்தான் உருட்டி வறுத்துக் காயவைக்கிறார்கள். நார் இருந்த திப்பி மாட்டுத் தீவனத்துக்குப் போய்விட்டது. மிஞ்சியது ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து, புரதம் பெயருக்குக்கூட இல்லை. சாப்பிடலாம், ருசியானது, எண்ணிச் சாப்பிட வேண்டும், அவ்வளவே.

அதே ரீல்ஸின் “ஏழு நாளில் ஏழு கிலோ” கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி. அப்படியானால் தினமும் 7,700 குறைய வேண்டும். சாதாரண ஆள் ஒரு நாளில் செலவழிப்பதே அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போவது அபூர்வம். முதல் வாரம் இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு மாவுச்சத்தைச் சேமித்து வைக்கும் வடிவமான கிளைக்கோஜன் ஒரு கிராம், மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சோற்றை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து போகும், ஒரு கல்யாண விருந்தில் திரும்பி வரும்.

தட்டுவடைகளுக்கு நடுவே காய்த் துருவலும் சட்னியும் வைத்துத் தரும் சேலத்துத் தட்டுவடை செட்டு எந்த ஆப்பிலும் ஒழுங்காக இல்லை. பீட்ரூட், கேரட், சட்னியில் பெரிதாக ஒன்றுமில்லை, கணக்கு தட்டுவடையில். கடையில் தராசை நீட்ட முடியாது என்பதால் பாக்கெட் வாங்கி, பத்து வடையை நிறுத்து, பத்தால் வகுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் பொரித்த மாவுப் பண்டத்துக்கு நூறு கிராமுக்கு 500 என்று போட்டால் பெரிய பிழை வராது. தட்டுவடையை நொறுக்கிக் கலந்து தரும் நொறுக்கலுக்கும் அதே கணக்கு. மல்கோவாவை முழுசாக நிறுத்து, தின்றபின் தோல், கொட்டையை நிறுத்துக் கழியுங்கள். சதைக்கு நூறு கிராமுக்கு 60.

பேண்ட் அடி எண்ணுவதில் சுமார், கலோரி சொல்வதில் மோசம். கைத்தறியில் உட்கார்ந்து நெய்பவருக்கும் அடி ஏறும்; தள்ளுவண்டியைப் பிடித்து நடப்பவருக்குக் கை ஆடாததால் ஏறாது. ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பைக்கில் ஏறினால் அதிர்வில் சில அடிகள் இலவசமாகச் சேரும். நடந்து ஏறினால் நேர்மாறு. 70 கிலோ உடம்பை 1,200 மீட்டர் தூக்கும் வேலை மட்டும் 200 கலோரி. தசை நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்பதால் எரிவது 800 பக்கம் வரும். காற்றழுத்தத்தை வைத்து உயரத்தை அறியும் பாரோமீட்டர் இல்லாத பேண்ட் இதைச் சமதள நடையாகவே எழுதும். மலைக்குளிரில் தோலின் ரத்த ஓட்டம் குறையும், பச்சை வெளிச்சத்தை வைத்து அளக்கும் நாடித்துடிப்பும் தவறும். பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே இறுக்கிக் கட்டினால் கொஞ்சம் சரியாகும்.

செட்டிங்ஸில் இரண்டு வேலை பாக்கி. பேண்ட் எரித்ததாகச் சொல்லும் கலோரியை ஆப் உங்கள் சாப்பாட்டு அளவில் கூட்டிவிடும், அதை அணையுங்கள். போனும் பேண்டும் இரண்டும் ஹெல்த் கனெக்டில் (ஆண்ட்ராய்டில் ஆப்கள் உடல்நலத் தரவைப் பகிரும் இடம்) அடிகளை எழுதினால் சில ஆப்கள் இரண்டையும் கூட்டும். ஒன்றுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். சொந்த ரெசிபிகளை ஒரு ஷீட்டிலும் எழுதி வையுங்கள். மைஃபிட்னஸ்பால் என்ற கலோரி ஆப் 2022 அக்டோபரில் இலவசமாக இருந்த பார்கோடு ஸ்கேனைக் கட்டணத்துக்கு மாற்றியது; நாளை எந்த ஆப் எதைப் பூட்டினாலும் உப்புமாவின் 215 உங்களிடம் இருக்கும்.