வாபஸுக்குக் காத்திருப்பதா, ரத்து கேட்பதா?

ஆளுங்கட்சியை எதிர்த்ததற்காகவே வழக்கில் சேர்க்கப்பட்ட வேலூர்க்காரருக்கு இரண்டு வழிகள்.

ஆட்சி மாறும்வரை சத்துவாச்சாரி நீதிமன்றத்துக்கு வாய்தா வாய்தாவாக அலையலாம். அப்புறம் அரசு வழக்கறிஞர், நீதிமன்ற அனுமதியோடு, பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 360-ஆம் பிரிவின்படி வாபஸ் வாங்கக்கூடும். செலவு குறைவு.

அல்லது, சென்னை உயர் நீதிமன்றத்தில் அதே சட்டத்தின் 528-ஆம் பிரிவின்கீழ் ரத்து மனு போடலாம். பணம் கரையும். ஆனால் பிடிமானம் உண்டு: ஹரியானா முன்னாள் முதல்வர் பஜன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990-இல் வகுத்த ரத்துக்கான ஏழு காரணங்களில் கடைசியானது, பழிதீர்க்கத் தொடுத்த வழக்கு. உள்நோக்கம் என்று வெறுமனே சொன்னால் போதாது. அந்த வழக்கிலேயே எஃப்.ஐ.ஆர். ரத்தாகவில்லை. முகாந்திரமே இல்லை என்று காட்ட வேண்டும்.

கையில் ஆதாரம் இருந்தால் ரத்து மனுதான் சரி என்பேன். வாபஸில் கடிவாளம் அரசிடமே இருக்கிறது. யார் வழக்கை விடுவது, யாருடையதை இழுப்பது என்று அதுவே தீர்மானிக்கும்.